காப்புப் பருவம்

கல்லூரி திறந்ததும் நாம் சலிப்போடு செய்யும் வேலைகளுள் ஒன்று, புதிய வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயர்களையும் தந்தையர் பெயர்களையும் வரிசையாக எழுதுவது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே நம் வகுப்புகளில் மிகுதி. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, திருமானூர், ஆண்டிமடம் என்று பருத்திக்காட்டிலிருந்தும் மக்காச்சோளக் காட்டிலிருந்தும் முந்திரித் தோப்பிலிருந்தும் வருகிறவர்கள். ஆண்டுக்காண்டு அவர்தம் பெயர்களை எழுதிவந்த கைக்கு ஒரு செய்தி மெல்லப் புலப்பட்டது. பிச்சை, குப்புசாமி, தவிடன், மூக்கன் ஆகிய பெயர்கள் தந்தையர் பத்தியில் இருந்தன. மாணவர் பத்தியில் இல்லை. அண்மை ஆண்டுகளில் தந்தையர் பத்தியிலும் அவை அருகிவிட்டன.

இப்பெயர்களை வறுமையின் அடையாளமாகவோ சாதி இழிவின் அடையாளமாகவோ மட்டும் கருதுவோர் உண்டு. கிராமத்துக் கிழவிகளிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும் வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். அது குப்பனாகும், குப்பம்மாளாகும். உறவுக்காரி ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்து, ஒருபடித் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள், அது தவிடன். மூக்கைக் குத்தி மூளிப்படுத்தினால் மூக்கன், மூக்காயி. மடிப்பிச்சை ஏந்திப் பெற்றதாகச் சொன்னால் பிச்சை. விலையற்ற பொருளை எமன் தூக்கிச் செல்லமாட்டான் என்பது கணக்கு. எமனை ஏமாற்றத் தாய்மார் கையாண்ட உபாயங்கள் நம் பதிவேடுகளில் பெயர்ச்சொற்களாய்த் தங்கியிருந்தன. அவை ஏன் மறைந்தன என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

தமிழ் கற்பிப்போருக்கு இவ்வினா புதிதன்று. சிற்றிலக்கிய வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்துங்கால் பத்துப் பருவங்களையும் கரும்பலகையில் எழுதுகிறோம். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பருவம் என்பது பாட்டியல் நூல்கள் கூறும் முறை. மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி. செங்கீரையாடுவதும் கைகொட்டுவதும் நிலவை அழைப்பதும் எல்லாம் பிறகுதான், முதலில் காப்பு. திருமாலைத் தொடங்கித் தெய்வங்களை வரிசையாக அழைத்து, இந்தப் பிள்ளையைக் காத்துத் தாருங்கள் என்று வேண்டிய பிறகே கவிஞன் பிள்ளையைக் கொஞ்சத் தொடங்குகிறான்.

ஓராண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "பிறந்த அன்றைக்கே காப்புப் பாடாமல் மூன்று மாதம் ஏன் காத்திருந்தார்கள் ஐயா?" என்று கேட்டாள். நூல்களில் நேரடி விடை இல்லை. நம் ஊகம் ஒன்றைச் சொன்னோம். பிறந்த பிள்ளை தங்குமா தங்காதா என்பது தெரியாத நாள்கள் அவை. தங்கும் என்ற நம்பிக்கை சற்றே தோன்றிய பிறகுதான் பாட வாய் வந்திருக்கும். வகுப்பு சிரிக்கவில்லை. அவர்கள் வீடுகளிலும் அப்படிப்பட்ட கதைகள் இருந்தன.

நம் வீட்டிலும் இருந்தது. செந்துறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நம் தாயார் பெற்றது ஐந்து, வளர்ந்தது மூன்று. 1983இல் பிறந்த தங்கையும் 1986இல் பிறந்த தம்பியும் ஓராண்டு நிறையுமுன் போயினர். இரண்டு சாவும் ஒரே விதம். வாந்தி, நில்லாத வயிற்றுப்போக்கு, கண் செருகல், உச்சிக்குழி உள்ளே இறங்குதல், அழுதால் கண்ணீர் வராமை. தோஷம் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர்பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். வயிறு போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரை நிறுத்தினார்கள். என்ன கிருமி என்று எவரும் சோதிக்கவில்லை. சோதிக்க வழியும் இல்லை. 1988இல் பிறந்த கடைசித் தம்பிக்குப் பள்ளியில் அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் இன்றளவும் அவன் பிச்சை.

உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய்வழி கொடுத்தே அவ்வகைச் சாவுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது அதற்குப் பல்லாண்டு முன்பே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. 1971இல் வங்கதேச அகதிகள் பன்கான் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அக்கரைசலைக் கலங்களில் நிரப்பி உறவினர் கையிலேயே கொடுத்தார். 30 விழுக்காடாய் இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்த அறிவு நம் ஊரின் ஒற்றையடிப் பாதைக்கு வந்துசேரக் காலமாயிற்று.

பிள்ளைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குத் தலையாய காரணம் எது என்பது 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தெரியவந்தது. ரூத் பிஷப் என்ற அம்மையாரும் உடனுழைத்தோரும் நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து ஒரு வைரஸைக் கண்டனர். ஆரக்கால் பதித்த சக்கரம் போன்று தோன்றியதால், சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ரோட்டா வைரஸ் என்று பெயராயிற்று. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல் நீண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனியை அது தின்றழிக்கிறது. குடித்த நீரை உடல் ஏற்க முடியாமற் போகிறது. நோயுற்ற பிள்ளையின் ஒரு கிராம் மலத்தில் பல்லாயிரம் கோடி வைரஸ்கள் இருக்கும். இன்னொரு பிள்ளையைத் தொற்ற அவற்றுள் நூறுகூட வேண்டியதில்லை. அதனால்தான் துப்புரவில் சிறந்த நாடுகளிலும் ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் அது ஒருமுறையேனும் தொட்டுவிடுகிறது. அங்கே பிள்ளைகள் பிழைத்தனர், இங்கே செத்தனர். தடுப்பு மருந்து வருமுன் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 78,000 பிள்ளைகள் ஆண்டுதோறும் இதனால் இறந்தனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

அம்மதிப்பீட்டைச் செய்தவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்பினோம். மருத்துவர் ககன்தீப் காங், 1962இல் சிம்லாவில் பிறந்தவர். தந்தையார் ரயில்வேப் பொறியாளர். ஆதலால் ஊர் ஊராக வளர்ந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1987இல் எம்.பி.பி.எஸ்., 1991இல் நுண்ணுயிரியலில் எம்.டி., 1998இல் முனைவர் பட்டம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரோட்டா வைரஸ் ஆய்வறிஞர் மேரி எஸ்டெஸிடம் பயின்று வேலூருக்கே திரும்பினார். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார்; இந்தியாவில் பணிபுரியும் பெண் அறிவியலாளர் ஒருவருக்கு அச்சிறப்பு வாய்த்தது அதுவே முதன்முறை. விருதுகளின் பட்டியலை இத்துடன் நிறுத்திவிடலாம். நம்மை ஈர்த்தது அவர் பிள்ளைகளைப் பார்த்த விதம்.

2002 தொடங்கி வேலூர் நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், பீடி சுற்றுவோரும் கூலிவேலை செய்வோரும் வாழும் தெருக்களில், பிறந்த பிள்ளைகளைப் பிறந்த நாளிலிருந்து பின்தொடரும் ஆய்வொன்றை அவரும் குழுவினரும் மேற்கொண்டனர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கு வருவார்கள். வயிற்றுப்போக்கு உண்டா, எத்தனை முறை, வாந்தி உண்டா என்று கேட்டு எழுதுவார்கள். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலமாதிரி எடுத்துச் செல்வார்கள். மூன்று வயது நிறையும்வரை 373 பிள்ளைகள் அவ்வாறு கவனிக்கப்பட்டனர். ஒரு பிள்ளையின் மலத்தை மூன்றாண்டு விடாமல் வாங்கிச் சோதிப்பதென்பது கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றலாம். நம் தாயாருக்கு ஒருமுறைகூட வாய்க்காத கவனிப்பு அது.

2011இல் அம்முடிவுகள் வெளிவந்தன. அதற்குமுன் மெக்சிகோவில் நடந்த இத்தகைய ஆய்வொன்று, இருமுறை தொற்றுக்கு ஆளான பிள்ளைக்குப் பிறகு கடும் நோய் வருவதே இல்லை என்று கண்டிருந்தது. இயற்கையே இரு தவணையில் தடுப்பூசி போட்டுவிடுகிறது என்பதுபோல. வேலூர்ப் பிள்ளைகளிடம் அந்தக் கணக்கு பொய்த்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்றுக்கு ஆளாயினர். மீண்டும் மீண்டும் தொற்று வந்தது. மூன்று தொற்றுகளைக் கடந்த பின்னரும் நடுத்தர, கடும் நோய்க்கு எதிரான காப்பு 79 விழுக்காடே. அங்கே போதுமானது இங்கே போதவில்லை.

இந்தக் 'போதாமை' வேலூருக்குப் புதிதன்று. அதே கல்லூரியில் மருத்துவர் டி.ஜேக்கப் ஜான், 1970களிலேயே, வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து மேலைநாடுகளில் மூன்று தவணையில் தரும் பயனை நம் பிள்ளைகளுக்குத் தருவதில்லை என்று கண்டு சொன்னார். கூடுதல் தவணைகள் வேண்டும் என்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே காலத்தில் கொடுக்கவேண்டும் என்றார். 1995இல் நாடெங்கும் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களை நாம் எல்லாரும் அறிவோம். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்ட சிறுமிக்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸால் இந்நாட்டில் எவரும் முடமாகவில்லை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தமைக்குச் சான்றிதழ் கிடைத்தது.

நம் பிள்ளைகளின் குடலில் வாய்வழி மருந்து ஏன் குறைவாக வேலை செய்கிறது? காங் பல்லாண்டு இக்கேள்வியோடே வாழ்ந்தார். தாய்ப்பாலிலும் தாயின் குருதியிலும் வரும் எதிர்ப்பாற்றல் மருந்தைத் தடுக்கிறதா? குடலில் முன்பே குடியிருக்கும் வேறு கிருமிகள் இடம் மறுக்கின்றனவா? குழந்தைகளுக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமிகளைக் குறைத்துவிட்டுப் போலியோ சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமிகள் குறைந்தன, மருந்தின் பயன் கூடவில்லை. எண்ணியது நடக்கவில்லை என்ற முடிவையும் 2016இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். நம் ஆய்வேடுகளில் கருதுகோள் தவறியதாக ஒரு முனைவர் பட்ட ஆய்வேனும் எழுதப்பட்டதுண்டா என்று எண்ணிப் பார்த்து நாம் சற்று நாணினோம்.

இந்தியாவில் ஆக்கிய ரோட்டா தடுப்பு மருந்தின் கதையில் நம் நெஞ்சைத் தைத்த ஓர் இடம் உண்டு. 1985-86இல் தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில், பிறந்த சில நாள்களேயான குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருப்பதை மருத்துவர் எம்.கே.பான் குழுவினர் கண்டனர். வைரஸ் இருந்தது, நோய் இல்லை. மனித வைரஸும் மாட்டு வைரஸும் இயற்கையிலேயே கலந்து பிறந்து, வீரியம் தணிந்திருந்த ஒருவகை அது. 116ஈ என்று எண்ணிட்டார்கள். தங்கள் உடம்பில் அதை ஏந்திய அந்தச் சிசுக்கள் எவர் பெற்ற பிள்ளைகள் என்று உலகம் அறியாது. அவர்களிடமிருந்து எடுத்த வைரஸே ஏறத்தாழ முப்பதாண்டு உழைப்புக்குப் பின் மருந்தாயிற்று. நம் தம்பி பிறந்து இறந்ததும் அதே 1986தான். தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அந்த ஆண்டெண்ணை நாம் சாதாரணமாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் அம்மருந்து ஆய்வு செய்யப்பட்டது. வேலூர்ப் பகுதியைப் பொறுப்பேற்று நடத்தியவர் காங். முடிவு 2014இல் வெளிவந்தது. முதலாண்டில் கடும் ரோட்டா நோயை ஏறத்தாழ 56 விழுக்காடு குறைத்தது. 2016இல் நான்கு மாநிலங்களிலும், 2017இல் தமிழ்நாட்டிலும் அரசுத் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பதினான்காம் வாரம் என்பது மூன்று மாதம் கடந்த சில நாள். பாட்டியல் வகுத்த காப்புப் பருவத்தை ஒட்டியே மூன்றாம் தவணையும் முடிகிறது.

அறிவியல் வென்றது, எல்லாம் நலம் என்று முடித்துவிட முடியாது. மருந்து புட்டியிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகும் தொலைவில் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாளில் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊர்தோறும் சென்று ஊசி போடும் முறையைக் கைவிட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குள் அதைச் சுருக்கினர். கைக்குழந்தையோடு பேருந்தேறிப் போகவேண்டியதாயிற்று. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்சாப்பில் வந்த வதந்தி, பள்ளி வாசல்களில் பெற்றோரை மறித்து நிறுத்தியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 81 விழுக்காடு, 2015-16இல் 70, 2019-21இல் 89. நடுவில் ஒரு பள்ளம். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நம்பிக்கை இழந்த தாய்மாரும் அப்பள்ளத்தில் இருக்கிறார்கள் என்றே எண்ணுகிறோம்.

சென்ற ஆண்டு நம் பழைய மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். இளங்கலைத் தமிழ் படித்தவள். திருமணமாகி அரியலூர்ப் பக்கம் இருக்கிறாள். முதல் தவணை ஊசிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதால், மாமியார் இனி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"நல்லாயிருக்கிற பிள்ளைக்கு எதுக்குங்கய்யா இதெல்லாம்? அந்தச் சொட்டு மருந்தாவது வேண்டாம்னு விட்டுடலாமா?"

வேலூரில் 373 பிள்ளைகளைப் பார்த்த கதையைச் சொன்னோம். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும் என்பதைச் சொன்னோம். 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, குடல் செருகிக்கொள்ளும் அபாயத்தால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டதையும், அதனாலேயே பிந்தைய மருந்துகளை அந்தக் கண்ணோடு தொடர்ந்து கவனித்துவருகிறார்கள் என்பதையும், இந்திய மருந்தில் அவ்வபாயம் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம். மருந்து கொடுத்தாலும் வயிற்றுப்போக்கு வரலாம், கடும் நோய் பாதியளவுக்குத்தான் குறையும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது.

அவள் முகம் சுருங்கியது. "பாதிதானாங்கய்யா?"

நமக்கு உடனே விடை வரவில்லை. பாதி என்பது தோற்றுப்போன மதிப்பெண்போல் அந்த அறையில் கிடந்தது. திண்ணையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த நம் தாயார் கையை நிறுத்தினார். செவி மந்தமானவர், இதுவரை கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே நமக்குத் தெரியாது.

"பாதின்னா ரெண்டுல ஒண்ணு தங்கியிருக்குமேப்பா" என்றார்.

போன இரு பிள்ளைகளைப் பற்றி அவர் நம்மிடம் பேசி நாற்பதாண்டு ஆகியிருக்கும். புள்ளியியல் பயின்றோர் அக்கணக்கை ஏற்கமாட்டார்கள். அவ்விருவரையும் கொன்றது ரோட்டாதான் என்பதற்கும் சான்று இல்லை. ஆயினும் 56 விழுக்காடு என்ற எண்ணின் பொருளை அதைவிடச் சரியாக எவரும் நமக்கு விளக்கியதில்லை. ஓர் ஊரில் இறக்கவிருந்தவர்களுள் பாதிப்பேர் பள்ளிக்குப் போவார்கள், பதிவேட்டில் பெயர் எழுதப்படுவார்கள் என்பதுதானே அது.

மாணவி ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தாயார் மடியில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். புறப்படும்போது, "புதன்கிழமை நர்சம்மா வருவாங்க, அத்தைகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள்.

மீதிப் பாதி இருக்கிறது. தூய குடிநீர், கழிப்பறை, கைகழுவும் சோப்பு, தாய்ப்பால், துத்தநாக மாத்திரை, உப்புசர்க்கரைக் கரைசல் ஆகியவை அந்தப் பாதியைச் சேர்ந்தவை. தடுப்பு மருந்து வந்துவிட்டதென்று அவற்றைத் தள்ளிவைக்க எவருக்கும் உரிமையில்லை. நம் பிள்ளைகளின் குடல் ஏன் மருந்தை முழுதும் ஏற்கவில்லை என்ற கேள்வி, நம் தெருக்களின் சாக்கடையையும் நம் குடங்களின் நீரையும் பற்றிய கேள்வியாகவும் இருக்கக்கூடும் அல்லவா?

இப்பருவத்தில் மீண்டும் பிள்ளைத்தமிழ் நடத்தவிருக்கிறோம். காப்புப் பருவத்தை விளக்கும்போது இம்முறை வேலூர்ச் சந்துகளில் வாரம் இருமுறை கதவைத் தட்டிய, பெயர் தெரியாத களப்பணியாளர்களைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்வதாக எண்ணியுள்ளோம். தேர்வில் வராது. குறிப்பெடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுவோம்.